பாங்கு அழைக்கும் வெற்றி



நாளொன்றுக்கு ஐந்து வேளை நம் பள்ளிவாசல்களிலிருந்து பாங்கொலி எழுகின்றது. தொழுகையின்பால் வருமாறு அழைத்த மறுகணமே, வெற்றியின்பால் வருமாறும் அது நம்மை அழைக்கின்றது. அவ்வழைப்பில் வரும் ‘ஃபலாஹ்’ என்னும் அரபுச் சொல்லுக்கு வெற்றி என்று பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். அச்சொல்லின் வேரைத் தேடிச் சென்றால், நம் கொங்கு நாட்டு உழவர் எவரும் எளிதில் உணரத்தக்க வேறொரு பொருள் கிட்டும். பிளத்தல், நிலத்தைக் கீறி உழுதல் என்பதே அது. உழவனை அரபியர் ‘ஃபல்லாஹ்’ என்றே அழைப்பர். உழுவதும் விதைப்பதும் அவன் கையில் உள்ளன. முளைக்க வைப்பது அவன் கையில் இல்லை. ஆயினும் உழாதவன் அறுவடையைப் பற்றிப் பேசும் தகுதியற்றவன். வெற்றி என்பதற்கு இப்படியொரு சொல் வாய்த்திருப்பதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

சில வாரங்களுக்கு முன், ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், நடுத்தர வயதுடைய ஒருவர் என்னருகில் வந்து அமர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன. இல்லாளின் நகைகளை அடகு வைத்து மகனைப் பொறியியற் கல்லூரியில் சேர்த்திருக்கிறார். அவன் இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டுவிட்டுக் கணபதியில் ஒரு பட்டறையில் மோட்டார் வைண்டிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். “அவன் முன்னேறத் துஆச் செய்யுங்கள், ஹஜ்ரத்! சொந்தக்காரர் முகத்தில் விழிக்க முடியவில்லை” என்றார். துஆச் செய்தேன். ஆனால் ‘முன்னேற்றம்’ என்று அவர் எதைக் குறித்தார் என்னும் கேள்வி வீடு வரையில் என்னைத் தொடர்ந்து வந்தது.

நம் வீடுகளில் ஒரு சொல் வழங்குகின்றது: “பையன் செட்டில் ஆகிவிட்டான்.” மாதச் சம்பளம், மாடி வீடு, வாசலில் ஒரு கார், இவை வந்துவிட்டால் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறோம். அவன் உறங்குகிறானா, தன் தொழிலில் பொய் சொல்லாமல் இருக்க முடிகிறதா, பெற்றோரிடம் பேச அவனுக்கு நேரம் உண்டா என்று எவரும் வினவுவதில்லை. காரூனின் செல்வச் செருக்கைக் கண்டு, தமக்கும் அவ்வாறு வாய்க்காதா என்று ஏங்கியவர்களைப் பற்றித் திருமறை கூறுகின்றது. அவன் மாளிகையோடு பூமிக்குள் புதையுண்டதும் அவர்களே தாம் தப்பியதாக எண்ணி நெடுமூச்செறிந்தனர். ஏங்கியதும் அவர்களே, நெடுமூச்செறிந்ததும் அவர்களே. இடையில் அளவுகோல் மட்டும் மாறிவிட்டது.

கோவை மாவட்டத்து வடிவேலம்பாளையத்தை இப்போது அறியாதவர் அரிது. அங்கே கமலாத்தாள் என்னும் மூதாட்டி ஓர் இட்டிலியை ஒரு ரூபாய்க்கு விற்று வந்த செய்தி 2019-ஆம் ஆண்டு நாடெங்கும் பரவியது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ எண்பது. வீட்டார் காட்டு வேலைக்குப் போனபின் தனித்திருக்க மனமின்றி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் இத்தொழிலைத் தொடங்கியவர். விறகடுப்பு, ஆட்டுக்கல், சட்னி, சாம்பார்; இவ்வளவே அவருடைய முதலீடு. (நாடெங்கும் வெட் கிரைண்டர் செய்து அனுப்பும் கோவைக்கு அருகிலேயே ஒரு மூதாட்டி கையால் மாவாட்டி வந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்!) முன்பு ஐம்பது காசுக்கு விற்றவர், பின்னரே ஒரு ரூபாய் ஆக்கினார். விலையைக் கூட்டலாகாதா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடையின் கருத்து எளியது: கூலி வேலைக்குப் போகிறவர்கள் வயிறார உண்ண வேண்டும், கையில் நாலு காசு மிச்சமும் பிடிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் பருப்பு விலை ஏறிய போதும் அவர் விலையை ஏற்றவில்லை. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அவருக்காக ஒரு வீடு கட்டுவித்து 2022-ஆம் ஆண்டு அன்னையர் தினத்தன்று வழங்கினார். அது நற்செயலே. ஆயினும் வீடு கிடைத்த நாளில்தான் அவர் வென்றார் என்று எண்ணிவிடாதீர்கள். எவரும் அறியாமல் மாவாட்டிய அத்தனை விடியல்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

பொருளின் மிகுதியால் வருவதன்று செல்வம், உள்ளத்தின் நிறைவே செல்வம் என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். நம் மார்க்கத்தைப் பின்பற்றாத அம்மூதாட்டியின் திண்ணையில் அப்போதனையின் உருவத்தைக் காண்பதில் எனக்குத் தயக்கம் ஏதுமில்லை.

இதைக் கொண்டு, ஏழ்மையே புனிதம், பொருளீட்டுவது பழி என்று சிலர் மேடைகளில் முழங்குவர். அது தவறு. நாயகத் தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவைத் துறந்து வெறுங்கையராய் மதீனா வந்தபோது, அன்ஸாரித் தோழர் ஒருவர் தம் சொத்தில் சரிபாதி தர முன்வந்தார். அவர் அதை வாழ்த்தோடு மறுத்து, சந்தைக்கு வழி கேட்டார். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிப் பெருஞ்செல்வரானார். பிற்காலத்தில் ஒரு நாள், நோன்பு நோற்றிருந்த அவர் முன் உணவு வைக்கப்பட்டது. அப்போது உஹதுப் போர்க்களத்தில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரலி) நினைவுக்கு வந்தார். அவரைக் கஃபனிடக் கிடைத்த ஒற்றைத் துணியால் தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. அவர் தம்மினும் மேலானவர் என்று கூறி, நம் நற்செயல்களின் பலன் இவ்வுலகிலேயே கொடுத்து முடிக்கப்பட்டுவிட்டதோ என்று அஞ்சி அழுதார் அப்பெருஞ்செல்வர், உணவைத் தொடவில்லை. சந்தையில் அவருடைய கணக்கு இலாபத்தில்தான் இருந்தது. அவரோ தம்மை அளந்தது அந்தக் குட்டைத் துணியைக் கொண்டு!

நம் ஊருக்கே வருவோம். கோவையின் பெருமக்களுள் ஒருவரான ஜி.டி. நாயுடு (1893–1974) பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார். 1920-ஆம் ஆண்டில் ஒரேயொரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். 1937-ஆம் ஆண்டில் டி. பாலசுந்தரத்துடன் இணைந்து அவர் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று போற்றப்படுகின்றது. நம் உழவர் ஆழ்கிணற்று நீரை மேலேற்றக் கோவையிலிருந்து வரும் மோட்டாரை நம்பி வாழ்வதன் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. பட்டறையில் கறைபட்ட கை இழிந்த கை என்று சொல்லக் கோவையில் வாழும் எவருக்கும் நாக்கு எழக் கூடாது.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஒப்பணக்காரத் தெருவை அடுத்த சந்தொன்றில் தையற்கடை வைத்திருந்த ஒருவர், தம் மகனை வளைகுடா நாட்டுக்கு அனுப்பலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். மகன் அருகில் நின்றான். தந்தையோடு கடையில் இருக்கவே அவனுக்கு விருப்பம் என்பது முகத்தில் தெரிந்தது. நான் அவனைக் கேட்கவில்லை. அண்டை வீட்டார் எழுப்பிய மாடிகளைச் சுட்டிக் காட்டி, “பிழைக்கத் தெரிந்தவர்களைப் பாருங்கள்” என்றேன். அவன் போனான், ஒழுங்காகப் பணம் அனுப்பினான், மாடியும் எழுந்தது. தந்தை மவுத்தானபோது அவனால் வர இயலவில்லை. ஜனாஸாத் தொழுகையை நானே நடத்தினேன். முன் வரிசையில் அவனுக்குரிய இடத்தில் யாரோ நின்றார்கள். வறுமை துரத்தி வெளிநாடு செல்வோரை நான் குறை கூறவில்லை. அவர்களின் உழைப்பு ஹலாலானது, கண்ணியமானது. துரத்த எதுவும் இல்லாத ஒருவனை, பிறர் வீட்டு மாடியைக் காட்டித் துரத்தியவன் நான்.

ஆகவே இம்முறை, துஆக் கேட்ட தந்தைக்கு உடனே அறிவுரை ஏதும் நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த இளைஞனே அஸருக்குப் பின் என்னைத் தேடி வந்தான். சம்பளத்தைப் பற்றியோ தந்தையின் கோபத்தைப் பற்றியோ அவன் பேசவில்லை. அவனுக்கு ஒரு மஸ்அலா தெரிய வேண்டியிருந்தது: “எவ்வளவு கழுவினாலும் விரலில் எண்ணெய்க் கறை போவதில்லை, என் ஒளூ கூடுமா?” வெறும் நிறம் தங்கியிருந்தால் குற்றமில்லை, தண்ணீர் தோலில் படாதவாறு தடித்து ஒட்டியிருக்கும் கிரீஸை மட்டும் அகற்றிவிட வேண்டும் என்று விளக்கினேன். முகம் மலர்ந்தது. எரிந்துபோன மோட்டாரின் செப்புக் கம்பியைச் சுற்றுக் கணக்குப் பிசகாமல் திரும்பச் சுற்றுவதைப் பற்றி, நான் கேளாமலே கால் மணி நேரம் பேசினான். பாதி எனக்கு விளங்கவில்லை. தன் வேலையைப் பற்றி அவ்வளவு மகிழ்ச்சியோடு பேசும் ஒருவரை நான் கண்டு நெடுநாளாயிற்று.

தந்தையைச் சந்தித்தபோது இதனைச் சொன்னேன். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஒரு மோட்டாருக்கு என்ன கூலி வாங்குகிறானாம்?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாது. அவனிடமே கேளுங்கள்” என்றேன்.