காட்டெருமை நமக்குப் பயன் தரும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப்பார்த்து. ஆணி அதிகம் மக்களே. போன வாரம் வெள்ளக்கடையில நடந்த ஒரு விஷயம் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. எழுதித் தொலைச்சாத்தான் தூக்கம் வரும்போல. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்தருள்க.

ஏற்காடு மலையில இருக்குற வெள்ளக்கடையில எங்க அக்கா வீடு இருக்கு. மாசத்துக்கு ரெண்டு தடவையாவது சேலத்துல பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கிட்டே போய்ச் சேர்ந்துடுவேன். நான் போனா அக்கம்பக்கத்து வாண்டுகள் நாலஞ்சு வீட்டுப்பாட நோட்டோட திண்ணையில வந்து உக்காந்துடும். எல்லாம் காப்பிக்காட்டுலயும் மிளகுலயும் கூலிக்குப் போற வீட்டுப் பிள்ளைங்க. நான் வாத்தியார் எல்லாம் இல்லை. பிஸ்கட் வாங்கித் தர்ற மாமா, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை நாலாங்கிளாஸ் படிக்கிற ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“மாமா, நேத்து ராத்திரி எங்க காட்டுல காட்டெருமை வந்துச்சா, நாய் விடாம கொலைக்குதேன்னு எங்கப்பா வெளிய வந்து டார்ச் அடிச்சாரா, அது அப்படியே திரும்பிப் பாத்துச்சு பாருங்க! ஒடம்பு மொத்தமும் கருப்பு, காலுக்கு மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி! ஓடவே இல்லைங்க மாமா. காது மட்டும் ஆடுச்சு. எங்க நாய் இருக்குதே, அது எனக்கு முன்னாடி வீட்டுக்குள்ள போயி கட்டிலுக்கு அடியில படுத்துக்கிச்சு!”

நானே ஒரு நிமிஷம் அந்தக் காட்டுல நின்னுட்டு வந்தேன். அன்னிக்கு அவனுக்கு வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? ‘ஏதேனும் ஒரு விலங்கைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.’ பழம் நழுவிப் பால்ல விழுந்துச்சுன்னு நினைச்சு, “இதையே எழுதுடா கண்ணு”ன்னேன். பத்து நிமிஷம் பென்சிலைக் கடிச்சுட்டு எழுதிக் காட்டினான்.

காட்டெருமை ஒரு விலங்கு ஆகும்.
காட்டெருமைக்கு நான்கு கால்கள் உண்டு.
காட்டெருமைக்கு இரண்டு கொம்புகள் உண்டு.
காட்டெருமை புல் தின்னும்.
காட்டெருமை நமக்குப் பயன் தரும்.

“என்ன பயன்டா தரும்?”

“தெரியலைங்க மாமா. கடைசியில அப்படித்தான் போடணும்.”

சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரலை. வெள்ளை சாக்ஸ் எங்கே போச்சு? ஆடின காது எங்கே? கட்டிலுக்கு அடியில ஒளிஞ்ச வீரநாய் எங்கே? வாயில இருந்தவரைக்கும் எல்லாம் உயிரோட இருந்துச்சு. பென்சிலைத் தொட்டதும் செத்துப்போச்சு.

இதுல அவனைச் சொல்லிக் குத்தமில்லை. நானும் அதே மந்தையில வந்தவன்தானே. எங்க காலத்துல ‘பசு ஒரு வீட்டு விலங்கு’. முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு நோட்ஸைப் பார்த்து உருப்போட்டு, பரீட்சையில வாந்தி எடுத்துட்டு வந்தோம். எங்க கிளாஸ்ல நாப்பது பேரும் ஒரே பசுவைத்தான் எழுதினோம். சொந்தமா மாடு மேய்ச்சவனும் அதே பசுதான். அவனோட மாடு எட்டி உதைச்ச தழும்பு அவன் முழங்கால்ல இருந்துச்சு, கட்டுரையில இல்லை.

சரி, பிள்ளைங்க எழுதுற வாக்கியம் சப்புன்னு இருக்குன்னு தெரியும்போது நாம வழக்கமா என்ன செய்யறோம்? “நல்ல நல்ல சொல்லாப் போட்டு எழுது”ங்கறோம். நானும் போன வருஷம் அந்தத் தப்பைப் பண்ணினேன். ‘அழகிய, இனிய, பெரிய, இயற்கை எழில் கொஞ்சும்’னு ஒரு பட்டியல் எழுதிக் குடுத்தேன். விளைவு? ‘அழகிய எங்கள் பள்ளியில் அழகிய மரம் உள்ளது. இயற்கை எழில் கொஞ்சும் கழிப்பறை உள்ளது.’ சத்தியமா நான் கற்பனை பண்ணலைங்க :-)

இப்ப எனக்குத் தோணுறதைச் சொல்லிடறேன். வாக்கியம் மாறி மாறி வர்றது அலங்காரம் சம்பந்தப்பட்ட விஷயமே கிடையாது. ஒரு சேதிக்கும் இன்னொரு சேதிக்கும் என்ன உறவுன்னு பிள்ளை யோசிச்சா, வாக்கியம் தானா மாறும். அந்தப் பையனோட அஞ்சு வரியைத் திரும்பப் பாருங்க. ஒண்ணுக்கொண்ணு உறவே கிடையாது. பஸ் ஸ்டாண்டுல நிக்கிற அஞ்சு பேர் மாதிரி தனித்தனியா நிக்குதுங்க. அவன் பேசினதைப் பாருங்க. ‘வந்துச்சா, அடிச்சாரா, பாத்துச்சு பாருங்க’ன்னு ஒண்ணோட கையை இன்னொண்ணு பிடிச்சுக்கிட்டு ஓடி வருது.

அந்தக் கையைப் பிடிக்கிற வேலைக்குத் தமிழ்ல இருக்குற வசதி கொஞ்சநஞ்சம் இல்லைங்க. இங்கிலீஷ்ல மாதிரி ‘மேலும், ஆனால், ஏனென்றால்’னு ஆணி அடிச்சு ஒட்டத் தேவையில்லை. வினையோட வாலை மாத்தினாப் போதும். வந்து, வந்ததும், வந்தால், வந்தாலும், வராமல், வருவதற்குள். தொல்காப்பியத்துலயே வினையெச்சத்துக்கு ஒன்பது வாய்பாடு சொல்லியிருக்கு. நாம இதை எப்போ சொல்லித் தர்றோம்? மேல் வகுப்புல, இலக்கணம்ங்கிற பேர்ல, ‘வினையெச்சம் என்றால் என்ன? சான்று தருக’ன்னு ரெண்டு மார்க் கேள்வியா. ஆனா மூணு வயசுப் பிள்ளையே “சோறு தின்னாத்தான் வெளிய வுடுவியா?”ன்னு கேக்குது. எச்சத்தை எல்லாம் அது கரைச்சுக் குடிச்சாச்சு. எழுதும்போது பயன்படுத்தலாம்னு அதுகிட்ட யாரும் சொல்லலை, அம்புட்டுத்தான்.

அன்னிக்குத் திண்ணையில ஒரு விளையாட்டு ஆடினோம். ரெண்டு வாக்கியம் எழுதினேன்: ‘நாய் குரைத்தது. அப்பா டார்ச் அடித்தார்.’ இதை ஒரே வாக்கியமா ஆக்கணும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லக்கூடாது.

நாய் குரைத்ததும் அப்பா டார்ச் அடித்தார்.
நாய் குரைத்ததால் அப்பா டார்ச் அடித்தார்.
நாய் குரைத்தும் அப்பா டார்ச் அடிக்கவில்லை.
அப்பா டார்ச் அடித்த பிறகுதான் நாய் குரைத்தது.

ரெண்டாங்கிளாஸ் குட்டி ஒண்ணு, அதுவரைக்கும் வாயே திறக்காம இருந்தது, மெதுவா சொல்லிச்சு: “நாய் கொலைக்கறதுக்குள்ள அப்பா டார்ச் அடிச்சுட்டாரு.”

ஒவ்வொண்ணுலயும் கதையே மாறுது பாருங்க. ஒண்ணுல அப்பா சுறுசுறுப்பு, ஒண்ணுல தூங்குமூஞ்சி, கடைசியில நாய்க்கே முந்தினவர். பிள்ளைங்களே “எது நெசமா நடந்துச்சு?”ன்னு சண்டை போட ஆரம்பிச்சுட்டாங்க. இதைத்தான் நான் யோசிக்கிறதுன்னு சொல்றேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை, காலரைத் தூக்கி விட்டுக்க மாட்டேன். அமெரிக்காவுல ஃபிராங்க் ஓ'ஹேர்ங்கிறவர் 1973-ல வெளியிட்ட ஆய்வுல, ஏழாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு இலக்கணப் பாடம் தனியா நடத்தாம, இப்படி வாக்கியத்தைச் சேர்க்கிற பயிற்சியை மட்டும் குடுத்துப் பார்த்தார். எழுத்து நல்லாவே முன்னேறிச்சு. 2007-ல ஸ்டீவ் கிரகாம், டோலோரஸ் பெரின் ரெண்டு பேரும் நாலாம் வகுப்புக்கு மேல நடந்த எழுத்துப் பயிற்சி ஆய்வுகளை அலசினப்போ, பலன் தர்ற முறைகள்ல இதையும் ஒண்ணாச் சேர்த்தாங்க. இங்கிலீஷுக்கே இப்படின்னா, வாலை மாத்தினா வாக்கியம் மாறுற தமிழுக்குக் கேக்கணுமா?

அடுத்த ஆட்டம் சீட்டு. ‘அப்பா / நேற்று ராத்திரி / காப்பித் தோட்டத்தில் / காட்டெருமையை / பார்த்தார்’னு அஞ்சு துண்டுச் சீட்டு. மாத்தி மாத்தி அடுக்குங்கன்னு விட்டேன். வேற்றுமை உருபு இருக்குற புண்ணியத்துல எப்படி அடுக்கினாலும் யார் யாரைப் பார்த்தாங்கன்னு குழப்பமே வராது. ‘காட்டெருமையை நேற்று ராத்திரி காப்பித் தோட்டத்தில் அப்பா பார்த்தார்’னு அடுக்கினா பார்த்தவர் மேல அழுத்தம் போகுது. ‘அப்பா காட்டெருமையைக் காப்பித் தோட்டத்தில் நேற்று ராத்திரி பார்த்தார்’னா நேரத்து மேல போகுது. எல்லா வரியும் ‘காட்டெருமை’ன்னே ஆரம்பிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லைன்னு பிள்ளைங்களுக்குக் கையால தொட்டுத் தெரிஞ்சுது.

இதுக்கெல்லாம் முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. முதல்ல பேச விடணும். அவன் சொல்லச் சொல்ல, அவன் பேச்சுலயே நாம எழுதிக் காட்டணும். நியூசிலாந்துல மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தின சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளைங்க வாயிலிருந்து வந்த சொல்லை வச்சே வாசிப்பு சொல்லிக்குடுத்தாங்க, 1963-ல அதைப் புத்தகமாவும் எழுதினாங்க. பிரான்ஸ்ல செலஸ்தின் ஃபிரெய்னேங்கிற கிராமத்து வாத்தியார் 1920-கள்லயே வகுப்புக்குள்ள ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து, பிள்ளைங்க எழுதினதைப் பிள்ளைங்களே அச்சடிக்க வச்சார். தான் சொன்னது எழுத்தா நிக்குதுன்னு பார்த்த பிள்ளை மறுபடி பேனாவை எடுக்கும்.

“அப்போ கொச்சைத் தமிழ்லயே எழுதட்டுமா? பரீட்சையில மார்க் யார் போடுவா?”ன்னு தமிழய்யாக்கள் கேப்பீங்க. நியாயமான கேள்வி. எழுத்துத்தமிழ் வந்தே ஆகணும், அதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. நான் கேக்குறது வரிசையை மட்டும்தான். முதல் நாள் அவன் பேச்சு, மறுநாள் ‘வந்துச்சு’ங்கிறதை ‘வந்தது’ன்னு, ‘கொலைக்குது’ங்கிறதை ‘குரைக்கிறது’ன்னு மாத்துற ஆட்டம். சிவப்பு மையில எல்லாத் தப்பையும் ஒரே நாள்ல சுழிச்சா, பிள்ளை என்ன கத்துக்கும்? குறைச்சு எழுதினா குறைச்சு சுழி வரும்னு கத்துக்கும். ‘காட்டெருமை புல் தின்னும்’ல தப்பே இல்லை பாருங்க. அதான் அதை எழுதறான்.

ஆசிரியர்களைத் திட்டுற பதிவு இல்லை இது. ரெண்டு பேரே அஞ்சு வகுப்பையும் பார்த்துக்கிற பள்ளிக்கூடங்கள்ல அவங்க படுற பாடு எனக்குத் தெரியும். நம்ம ஊர்ல முயற்சிக்கும் குறைச்சல் இல்லை. ஆந்திராவுல ரிஷிவேலியில நடந்ததைப் பார்த்துட்டு, 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சு, 2007-08-ல மாநிலம் முழுக்கப் போச்சு. அட்டை, ஏணின்னு பிள்ளைங்க தன் வேகத்துல படிச்சாங்க. 2022-ல எண்ணும் எழுத்தும் வந்துச்சு, அரும்பு, மொட்டு, மலர்னு. அதே வருஷம் நாலு, அஞ்சாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, பெரிய பிள்ளைங்களுக்குத் ‘தேன்சிட்டு’ன்னு பள்ளிக்கல்வித்துறை இதழ் கொண்டுவந்துச்சு. எல்லாம் நல்ல விஷயம். ஆனா எழுத்தைக் கூட்டி வாசிக்க வைக்கிறதுல காட்டுற அக்கறையில பாதியை, சொந்தமா ஒரு வாக்கியம் எழுத வைக்கிறதுல நாம காட்டலைங்கிறது என் ஆதங்கம். காசு செலவில்லாத ஒரு மாத்தம் சொல்றேன். ‘ஒரு விலங்கைப் பற்றி எழுதுக’ங்கிறதை ‘நீ பார்த்த ஒரு விலங்கு, அன்று என்ன செய்தது?’ன்னு கேளுங்க. நாலு கால், ரெண்டு கொம்பு எல்லாம் தானா காணாமப் போகும்.

ஒரு நாலாங்கிளாஸ் பையன் அஞ்சு வரி எழுதுறதுக்கா இவ்வளவு அலப்பறைன்னு கேக்கலாம். இந்தப் பிள்ளைங்க பெருசானா காலேஜுக்குக் கீழ சேலத்துக்கு இறங்க வேண்டி வரலாம். அங்கே போய் வாயைத் திறந்தா மலைப் பேச்சுன்னு நாலு பேர் சிரிப்பாங்க. எழுத்தாவது துணைக்கு இருக்க வேண்டாமா? தாலுகா ஆபீஸ் வாசல்ல பாருங்க, பள்ளிக்கூடம் போனவங்கதான், கையெழுத்து நல்லாவே போடுவாங்க. ஆனா ‘என் நிலத்துல என்ன நடந்துச்சு’ன்னு நாலு வரி எழுத, மனு எழுதித் தர்றவர்கிட்ட காசு குடுத்துட்டு நிக்கிறாங்க. அவர் எழுதுறது எல்லாருக்கும் ஒரே மனு. ‘கடைசியில அப்படித்தான் போடணும்’னு நாலாங்கிளாஸ்ல பழகினது, நாப்பது வயசுல வந்து நிக்கிற இடம் அதுதான்னு எனக்குத் தோணுது.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பையன் நோட்டை நீட்டினான். எழுத்துப்பிழையை மட்டும் நீக்கிட்டு அப்படியே தர்றேன்:

‘நேற்று ராத்திரி நாய் குரைத்துக்கொண்டே இருந்ததால் அப்பா டார்ச் அடித்தார். காப்பிச் செடிக்கு நடுவில் வெள்ளை சாக்ஸ் போட்ட காட்டெருமை நின்றது. காது மட்டும் ஆடியது. நான் ஓடுவதற்குள் நாய் ஓடிவிட்டது. காட்டெருமையால் நமக்கு என்ன பயன் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை.’

திங்கக்கிழமை இதுக்கு என்ன மார்க் விழுந்துச்சுன்னு இன்னும் தெரியாது. அடுத்த வாரம் போனாத்தான் கேக்கணும்.

உங்க வீட்டு வாண்டுகள்கிட்டயும் இந்த நாய்-டார்ச் ஆட்டத்தை ஆடிப்பாருங்க. புதுசா என்ன வாக்கியம் சிக்குச்சுன்னு பின்னூட்டத்துல போடுங்க, சேர்த்து வச்சு வெள்ளக்கடைக்குக் கொண்டுபோறேன்.

டிஸ்கி: ‘அழகிய’ங்கிற சொல்லை இந்தப் பதிவுல எங்கயும் நான் சொந்தமாப் பயன்படுத்தலை. நோட் பண்ணுங்கப்பா :-)