திரும்பி வராதவர் யார்?

அம்பத்தூரில் எங்கள் தெருவை மறுபடியும் வெட்டிவிட்டார்கள். பாதாளச் சாக்கடைக்காகத்தான். பள்ளத்தை எட்டிப் பார்த்த என் பேரன், "பாட்டி, புதையல் வருமா?" என்றான். வந்தது என்னவோ உடைந்த குழாய்தான். ஆனால் அவன் ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் மண் தோண்டியவர்களுக்கு, ஏழடி ஆழத்தில் ஒரு பித்தளைப் பாத்திரம் தட்டுப்பட்டது. உள்ளே 505 பொற்காசுகள்! எடை 1.716 கிலோ.

நாம் அரிசி டின்னுக்குள் ரூபாயைச் செருகி வைக்கிறோமே, அதுபோலத்தான் இதுவும். பாங்கு இல்லாத காலத்தில் மண்தான் இரும்புப் பெட்டி. புதைத்தவர் திரும்பி வந்திருந்தால் புதையல் ஏது? வராமற்போன துக்கம்தான் நமக்கு அதிர்ஷ்டமாகிறது.

ஜெர்மனியில் எர்ஃபுர்ட் நகரத்துப் பழைய தெரு ஒன்றில், 1998-ல் கட்டட வேலையின்போது 3,141 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கூடவே ஒரு தங்கக் கல்யாண மோதிரம். 1349-ல் கொள்ளைநோய்ப் பழியைச் சுமத்தி அவ்வூர் யூதர்களைக் கொன்றார்கள். அந்தச் சமயம் ஒளித்து வைத்தது என்கிறார்கள். எந்த மணப்பெண்ணின் விரலில் ஏறிய மோதிரமோ!

காசுகள் கலையாமல் கிடைத்தால்தான் இந்தக் கதையெல்லாம் தெரியும். பானையிலுள்ள காசுகளில் ஆகப் புதியது எதுவோ, அது அச்சான பிறகுதான் பானை புதைந்திருக்கும். ஆளுக்குப் பத்தாக மடியில் கட்டிக்கொண்டால் அந்த ஒரு காசு எங்கே போயிற்றென்று யார் கண்டார்கள்? தட்டானிடம் உருக்கினால் சவரன் மிஞ்சும், சரித்திரம் மிஞ்சாது.

"சர்க்காரிடம் கொடுத்தால் நமக்கென்ன கிடைக்கும்?" என்கிறீர்களா? 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். புதைத்தவரின் வாரிசு யாரும் இல்லை, நிலத்தைப் பற்றியும் தகராறு இல்லை என்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. சர்க்காரே எடுத்துக்கொண்டால் அந்த உலோகத்தின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரவேண்டும். மறைத்தாலோ, பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு.

இதையெல்லாம் பேரனுக்கு விளக்கினேன். அவன் யோசித்துவிட்டு, "அப்போ, நம்ம அரிசி டின்னில் இருக்கிறதையும் கலெக்டருக்கு எழுதணுமா, பாட்டி?" என்றான்.

"அதை உன் தாத்தாவுக்குக்கூடச் சொல்லக் கூடாதடா!" என்று அவன் வாயைப் பொத்தினேன்.