கோடைமலை விழாவும் கூத்தர் பெருமையும்

ஆண்டுதோறும் மேத் திங்களில் கோடைக்கானலில் கோடைவிழா நடைபெறுகின்றது. பூங்காவில் மலர்க்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, மேடையில் ஆடலும் பாடலும் என அம் மலையூர் சில நாள்கள் களைகட்டி நிற்கின்றது. மக்கள் மகிழ்வதை நாம் வெறுப்பேம் அல்லேம். ஆண்டெல்லாம் உழைத்துக் களைத்தவன் இரண்டு நாள் மலையேறி, மனைவி மக்களுடன் ஏரிக்கரையில் நடந்து மீள்வது நன்றே. ஆயின், அம் மகிழ்ச்சிக்காக மேடையேறி ஆடுபவன் யார், அவன் அங்கு எவ்வாறு நடத்தப்பெறுகின்றான் என்பதை எண்ணிப் பார்ப்பார் அரியர். அதனை எண்ணிப் பார்க்கவே இவ்வுரை.

இன்று நாம் காணும் கோடைக்கானல் வெள்ளையர் அமைத்த ஊர். சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சிய அமெரிக்கச் சமயத் தொண்டர் 1845-இல் அங்குக் குடியமைத்தனர். மதுரையில் ஆட்சியராக இருந்த இலெவிஞ்சு என்பார் 1863-இல் ஓடையை மறித்துக் கரையெழுப்பி ஏரியை உண்டாக்கினார். 1890-இல் படகுக் கழகம் தோன்றிற்று. இவற்றை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆனால், வெள்ளையன் வருமுன் அம்மலை வெறுங்காடாய்க் கிடந்தது போல் எழுதுவதும் பேசுவதும் அதனினும் பெருங்குற்றம். பளியர் அம்மலைக்கு உரியவராய் வாழ்ந்திருந்தனர். பூம்பாறையும் வில்பட்டியும் உழவர் ஊர்களாய் விளங்கியிருந்தன. விருந்தினனுக்குப் பெயர்ப்பலகை வைத்து, வீட்டுக்காரனைப் பின்கட்டுக்குத் தள்ளியது போல் ஆயிற்று அவ்வூரின் கதை.

கூட்டத்திற்கோ அங்குக் குறைவில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 36,501 பேரே வாழும் ஊர் அது. அங்கு ஏறிவரும் ஊர்திகளின் பெருக்கத்தைத் தாங்கவியலாமல், சென்னை உயர்முறைமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் மின்னிசைவுச் சீட்டு முறை வந்தது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் நாளொன்றுக்கு 4,000 ஊர்திகள், கிழமை இறுதி நாள்களில் 6,000 ஊர்திகள் என வரம்பு கட்டவும் நேர்ந்தது. இத்துணைக் கூட்டம் கொணரும் பொருள் விடுதிக்காரனுக்குப் போகின்றது; கடைக்காரனுக்குப் போகின்றது; ஊர்தி உரிமையாளனுக்கும் போகின்றது. அக்கூட்டத்தை மகிழ்விக்க நின்றாடும் கூத்தனுக்குப் போவது எவ்வளவு?

கோடைவிழா மேடையில் கரகமும் ஒயிலும் பறையும் இல்லையென்று நாம் சொல்லவில்லை, இருக்கின்றன. அவை இருக்கும் நிலையே நம் உள்ளத்தை உறுத்துகின்றது. இத்தகு அரசு விழாக்களில் நாம் காண்பது என்ன? அமைச்சரும் அலுவலரும் வரும்வரை கூட்டம் கலையாதிருக்கப் பறை முழங்கவேண்டும். அவர் வந்ததும் பறை நிற்கவேண்டும். விடியவிடிய ஆடவேண்டிய கூத்தைக் கால்மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். ஆடியவன் பெயர் என்ன, எவ்வூரினன், யாரிடம் பயின்றான் என்று சொல்வார் இல்லை. "அடுத்து ஒரு நாட்டுப்புற நடனம்" என்ற ஒற்றை வரியோடு அவன் வரலாறு முடிந்துபோகின்றது. மலர்க்காட்சியில் ஒவ்வொரு செடிக்கும் பெயரெழுதி வைக்கின்றனர். செடிக்குள்ள சிறப்புக்கூட அங்குக் கூத்தனுக்கு இல்லை!

தமிழ அன்பர்களே! இதே கோடைமலைக்கு ஒரு பழங்கதை உண்டு. கழகக் காலத்தில் கோடைமலைக்குத் தலைவனாய் இருந்தவன் கடிய நெடுவேட்டுவன். அக்கோடைமலை இன்றைய கோடைக்கானல் மலைப்பகுதியே என்பர் அறிஞர். அவனிடம் பரிசில் நாடிச் சென்றார் பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர். அவன் பரிசில் தரக் காலம் நீட்டித்தான். அப்போது அவர் பாடிய பாட்டுப் புறநானூற்றில் 205-ஆம் பாட்டாக நிற்கின்றது. மூவேந்தரே ஆயினும், விருப்பமும் மதிப்பும் இன்றித் தரும் கொடையை யாம் வேண்டேம் என்பதே அதன் உட்கிடை. வயிறு காய்ந்து மலையேறிய புலவன், மலைத்தலைவன் முகத்திற்கு நேரே அதைச் சொன்னான்! பொருள் முதலா, மதிப்பு முதலா என்ற வினாவுக்கு அதே மலையில் அன்றே விடை சொல்லப்பட்டுவிட்டது.

புலவர்க்கு மட்டுமன்று, கூத்தர்க்கும் அப்பெருமை இருந்தது. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் 583 அடிகளில் மலைவழியே செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டும் நூல். எவ்வழி கடிது, எவ்விடத்தில் இடர் உண்டு, எச்சிற்றூரில் என்ன உணவு கிட்டும் என்றெல்லாம் அது விரித்துரைக்கின்றது. மலைவாழ்நர் வீடுகளில் கூத்தர் தம் வீடுபோல் நுழையலாம் என்றும் சொல்கின்றது. இன்றைச் சுற்றுலா நூல்கள் கூத்துப் பார்க்க வருபவனுக்கு வழி சொல்கின்றன. நம் முன்னோரோ கூத்தாட வருபவனுக்கு வழி சொல்ல ஒரு பெருநூலே செய்தனர். ஓரினத்தின் பண்பாடு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவில் அளக்கப்படும்.

"மக்கள் திரைப்பாட்டைத்தான் கேட்கின்றனர், நாங்கள் என் செய்வோம்?" என்பர் விழா நடத்துவோர். மக்கள் சுவை மேடையைப் பொறுத்தே வளர்கின்றது. வெள்ளையர் 'பேயின் அடுக்களை' என்று பெயரிட்டிருந்த பாறைக்குடைவை, 1991-இல் வெளிவந்த ஒரு திரைப்படம் 'குணா குகை' ஆக்கிவிட்டது. 2024-இல் ஒரு மலையாளப் படம் வந்ததும் அதனைக் காணக் கூட்டம் மேலும் திரண்டது. குணாவும் குகையும் தமிழல்ல என்பது வேறு. ஒரு கலை நினைத்தால் மலையின் பெயரையே மாற்றவல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அவ்வலிமை கூத்துக்கும் பறைக்கும் உண்டு. அவற்றுக்கு வேண்டுவது நேரமும் இடமும் மதிப்புமே.

மற்றொன்றும் சொல்லவேண்டும். தனியார் விடுதிகள் சில கேளிக்கை என்ற பெயரில் இரவில் ஒலிபெருக்கிகளை அலறவிடுகின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் அவை கூடா என்பது சட்டம். 2013-இல் காட்டுயிர்க் காப்பிடமாக அறிவிக்கப்பெற்ற காடு அவ்வூரை ஒட்டியே உள்ளது. காட்டுமாடுகள் தெருவிலேயே உலவும் ஊர் அது. இவ்விரைச்சலை ஒடுக்குவதும் கலைக்குச் செய்யும் தொண்டே.

ஆகவே நாம் வேண்டுவன இவை. கூத்தர்க்குரிய ஊதியம் முன்னரே எழுத்தில் உறுதி செய்யப்பெற்று, அவர் மலையிறங்கும் முன் கைக்கு வரவேண்டும். ஒவ்வொரு குழுவின் பெயரும் ஊரும் கலையும் நல்ல தமிழில் அறிவிக்கப்பெற வேண்டும். ஒரு மாலையேனும் முழுக்கூத்து ஒன்றுக்கு ஒதுக்கப்பெற வேண்டும். பளியர் விரும்பின், காட்சிப் பொருளாக அன்றி, அம்மலைக்கு உரியவராக அவர்க்கு முதலிடம் தரவேண்டும். 2006-இலும் 2018-இலும் பூத்த குறிஞ்சி இனி 2030-இல் பூக்கும். அவ்வாண்டு விழாவையேனும் குறிஞ்சி நிலத்தின் விழாவாக நடத்த இன்றே திட்டமிடல் வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் வாளா இருத்தல் வேண்டா. கோடைக்கானல் செல்லும் அன்பர்கள் மேடைமுன் அமர்ந்து கூத்தை முடியும்வரை காணுங்கள். ஆடியவர் பெயரைக் கேட்டறியுங்கள். குறை கண்டால் சுற்றுலாத் துறைக்குத் தமிழில் மடல் எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளி விழாவுக்குப் பறையிசைப்போரை அழைத்தால், சிறப்பு விருந்தினர்க்கு இடும் இருக்கையையும் இலையையும் அவர்க்கும் இடுங்கள். கூத்தன் தலைநிமிர்ந்து நிற்கும் மேடையே தமிழ் தலைநிமிர்ந்து நிற்கும் மேடை.