வேகத்துக்கு யார் பொறுப்பு?

2018 மே மாதம், உறவினர்களுடன் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்ற 65 வயதுப் பெண் ஒருவர், போளூர் அருகே அத்திமூரில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊர் திரண்டு அவரை அடித்தே கொன்றது. ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் அதே சந்தேகத்தில் 5 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் முன்னதாக வாட்ஸ்அப்பில் குழந்தைக் கடத்தல் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு பல மாநிலங்களில் சுற்றிய காணொளி ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். அடுத்த காட்சியில் அவர்களே சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, குழந்தைக் கடத்தல் பற்றி எச்சரிக்கும் அட்டையைக் காட்டுவார்கள். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் இங்கே பரப்பினார்கள்.

இத்தகைய கொலைகளுக்குப் பிறகு வரும் அறிவுரை ஒன்றுதான்: ‘சரிபார்க்காமல் பகிராதீர்கள்.’ தேவையான அறிவுரைதான். ஆனால், பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தில் பகிர்ந்திருக்க மாட்டார்கள். நம் தெருப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பதற்றம்தான். அந்தப் பதற்றத்துக்கு வசதியாகப் படத்தின் பக்கத்திலேயே பகிரும் பொத்தான் இருந்தது. பகிரப்படுவது வேறொருவரிடமிருந்து வந்த செய்தி என்று காட்டும் குறிப்பு 2018 ஜூலை வரை கிடையாது. சித்தப்பா அனுப்பினால், சித்தப்பாவே கண்ணால் பார்த்தது போலத்தான் மனம் எடுத்துக்கொள்ளும்.

நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு வாட்ஸ்அப் நிறுவனம் இறங்கிவந்தது. 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி கட்டுப்படுத்தியது. அந்த விரைவுப் பொத்தானையும் நீக்கியது. 2019-இல் உலகம் முழுவதும் அதே வரம்பு வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றானது. அதன் பிறகு அத்தகைய பகிர்வுகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. மக்கள் ஒரே மாதத்தில் திருந்திவிடவில்லை. செயலியின் அமைப்புதான் மாறியது. ஆக, செய்தி எவ்வளவு வேகமாகப் பரவ வேண்டும் என்பது ஓர் அலுவலகத்தில் எடுக்கப்படும் முடிவு. அதன் விளைவுக்கும் முடிவெடுத்தவர்கள் பொறுப்பேற்க வேண்டும். இப்படிச் சொல்வதால் அடித்துக் கொன்றவர்களின் குற்றம் ஒரு துளியும் குறையாது.

அரசு கண்ட தீர்வோ வேறு. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய வழி செய்யுமாறு பெரிய செயலிகளைக் கேட்கின்றன. அது, செய்தியை வேறு யாரும் படிக்க முடியாதபடி காக்கும் மறைகுறியாக்கத்தையும் எல்லோருடைய அந்தரங்கத்தையும் உடைத்துவிடும் என்று வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிறுவனத்தின் நோக்கம் எதுவானாலும் வாதத்தில் நியாயம் இருக்கிறது: ஊழலை அம்பலப்படுத்துபவருக்கும் செய்தியாளருக்கும் அந்த மறைகுறியாக்கம்தான் பாதுகாப்பு. மேலும், கராச்சிப் படத்தின் மூலத்தைத் தேடினால் குழந்தைகளைக் காக்க நினைத்தவர்களிடம்தான் போய் நிற்போம். வெளிநாட்டுச் செய்தியென்றால் இந்தியாவில் முதலில் அனுப்பியவரையே மூலமாகக் கொள்கிறது விதி. அவர் பயந்துபோன ஒரு தகப்பனாகவும் இருக்கலாம். எப்படியும், ஆளைப் பிடிப்பது உயிர் போன பிறகுதான்.

சோதிக்காத மருந்தை நாம் விற்க விடுவதில்லை. கோடிக்கணக்கானோர் கைக்குப் போகும் பகிர்வு வசதிக்கும் அந்த நியதி வேண்டும். ஒரு வசதி வதந்தியை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று வெளியிடும் முன்பே ஆராய்ந்து, முடிவைப் பொதுவில் வைக்க நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். யாருடைய செய்தியையும் படிக்காமலே இதைச் செய்யலாம். 2018 ஜூலையில் முடிந்த கட்டுப்பாடு, அந்த ஆண்டு மே மாதத்துக்கு முன்பும் முடிந்திருக்கும்.