சிக்கனத்துக்கும் ஒரு காணி வேண்டும்

சிக்கனத்தைப் பற்றி உபதேசிக்க விரும்புவோருக்கு இலங்கை மலையகத்தின் அப்புத்தளையில் திருஷ்டாந்தம் தேடி அலைய வேண்டியதில்லை. கிளாஸ்கோ நகரில் சிறு பலசரக்குக் கடை வைத்துப் பிழைத்த ஏழைப் பெற்றோருக்குப் பிறந்து, பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறி, வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவின் நெல்வயலிலும் மேனி வருந்த உழைத்து, மிச்சம்பிடித்த பணத்தோடு ஊர் திரும்பி, 1871இல் சொந்தக் கடை திறந்த தோமஸ் லிப்டன், 1890இல் இம்மலைகளுக்கு வந்து தம்பேதென்ன உள்ளிட்ட தேயிலைத் தோட்டங்களை வாங்கிய சரித்திரம் இங்கே யாவரும் அறிந்ததே. அதில் பொய்யொன்றுமில்லை. ஆனால் வர்ஜீனியாவில் கூலிவேலை செய்த அந்த வாலிபனால், வேண்டாமென்று தோன்றிய நாளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட முடிந்தது என்பதைக் கதை சொல்வோர் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

அவருடைய மலையில் கொழுந்தெடுத்த நம் முன்னோருக்கு அந்தச் சௌகரியம் இருக்கவில்லை. கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் அரிசியும் அவரவர் பேரில் கடனாக ஏறி, அந்தக் கடனை இன்னொரு தோட்டத்துத் துரை தீர்த்தாலன்றி இடம்பெயர இயலாதபடி ‘துண்டு’ என்ற காகிதத்தால் கட்டுண்டு கிடந்தார்கள். 1921இல் துண்டுமுறை ஒழிந்தது. ஆனால் 1948இல் அவர்களுள் பெரும்பாலோரின் பிரஜாவுரிமை போயிற்று. பிரஜையல்லாதவருக்கு அன்று அரசாங்கக் காணி ஏது?

லயத்துப் பெண்களுக்குச் சிக்கனம் கற்பிக்கப் புறப்படுவோர் முதலில் அவர்களுடைய கணக்கைக் கேட்டறிய வேண்டும். 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளம் என்று 2024இல் நிர்ணயமானாலும், மழை நாளில் நிறை குறைந்தால் அரைநாள் சம்பளமான ‘அரைப்பேர்’தான் விழும். தீபாவளி முற்பணத்தையோ, பின்வரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து தவணை தவணையாக வெட்டிவிடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் சீட்டுக் கட்டி, அது விழுந்த மாதத்தில் பிள்ளையின் பாடசாலைச் செலவைச் சமாளிப்பவர்களிடமும் அடகு வைத்த தோட்டை மீட்டெடுப்பவர்களிடமும் சிக்கனம் பற்றி நாம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சடங்குக்கும் சாராயத்துக்கும் போகும் பணத்தை நான் மறைக்கவில்லை. அந்த உபதேசத்தை ஆண்கள் பக்கம் திருப்பிச் செய்வது நலம்.

ஆகவே அவர்களிடம் குறைவது சிக்கனமன்று, முதலும் அது விளையும் இடமுமே. முதல் தருகிறோமென்று வந்த குழுக்கடன் கம்பனிகள் வாரந்தோறும் வசூலித்த வட்டி நாடெங்கும் கிராமப் பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு, 2018இல் அரசாங்கமே கடன் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது ஒன்றே சாட்சி. வருமானம் தரும் தொழிலில்லாதவர் கையில் வைத்த கடன், பழைய கடனை அடைக்கவே உதவும். இந்நாட்டில் 1911ஆம் ஆண்டிலேயே சட்டபூர்வமாகிவிட்ட கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வழி வேறு: முதலில் அங்கத்தவர் சேமிப்பு, பிறகு அந்தச் சேமிப்பிலிருந்தே கடன். சீட்டை ஒழுங்காக நடத்தும் பெண்களுக்கு இது அந்நியமான வித்தையன்று.

எனினும் பணத்தை எதில் போடுவது? லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் லீக்ஸும் கோவாவும் போட்டு, ஒரு பசுவைக் கட்டிப் பால் விற்கும் குடும்பங்கள், கொழுந்துச் சம்பளத்தை மட்டும் நம்பியிருப்போரைவிட நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் அந்த மண்ணில் தோட்ட நிர்வாகம் எப்போது கைவைக்குமோ என்ற அச்சத்தில் யார் கிணறு தோண்டுவார், யார் மாட்டுக்கொட்டகைக்குச் சீமெந்து போடுவார்? இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் சிறுதோட்ட உடைமையாளரின் விளைச்சல். கொழுந்தெடுப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள் மட்டும் அவ்வுடைமையாளர் வரிசையில் மிக அரிதாகவே காணப்படுகிறார்கள். புதிய வீட்டுத் திட்டங்களில் கிடைக்கும் ஏழு, பத்துப் பேர்ச்சுக் காணியில் வீடு நிற்கும், விவசாயம் நிற்காது. கம்பனிகள் பராமரிக்காமல் காடேறவிட்ட மலைச்சரிவுகளைப் பிரித்து, குடும்பத்துக்குக் கால் ஏக்கரேனும், கணவன் மனைவி இருவர் பெயரிலும், வங்கி ஏற்கத்தக்க உறுதியோடு எழுதிக் கொடுக்குமாறு அரசாங்கத்தைக் கேட்பதே நம் தொழிற்சங்கங்களின் அடுத்த கோரிக்கையாக இருக்க வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தை அதன் பக்கத்திலேயே நடக்கட்டும்.