மலையேறும் மங்கையர்க்குக் கம்பளி

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் விடுதிகளில் இரண்டு பேச்சுக்கள் எழும். இமயத்துக்கு மலையேறப் போகலாமா என்பது ஒன்று. “நமக்கெல்லாம் அந்தக் குளிர் ஒத்துவராது” என்பது மற்றொன்று. முதற் பேச்சைப் பேசியவர்களில் ஆண் மாணவர் மூட்டை கட்டிப் புறப்பட்டுவிடுகின்றனர். மாணவியர் பலர் இரண்டாவது பேச்சோடு நின்றுவிடுகின்றனர். ஊருக்குத் தொலைபேசியில் அனுமதி கேட்டாலோ, அம்மாவும் அதையேதான் சொல்கிறார்.

வெயிலில் வளர்ந்த பெண்ணுக்குப் பனிமலை ஆகாது என்பது உண்மையானால், விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதத்தில் எவரெஸ்ட் உச்சியில் நின்றது எப்படி? நமக்கு ஒத்துவராதது மலையன்று, நாம் உடுத்திச் செல்லும் உடை என்பதே என் துணிபு.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். 2023 டிசம்பரில் உத்தரகண்டத்துக் கேதார்காந்தா மலைக்குச் சென்றேன். உச்சி சுமார் 12,500 அடி. சந்தையில் வாங்கிய தடித்த ஸ்வெட்டர், அதன்மேல் அண்ணனுடைய பழைய கோட்டு. உள்ளே வழக்கமான பருத்திச் சட்டை, பருத்தி உள்ளாடை. ஏறும்போது குளிரே தெரியவில்லை, வியர்த்துக் கொட்டியது. கூடாரத்தருகே நின்ற கால் மணி நேரத்தில் பல் கிட்டிப்போயிற்று. மேலே அத்தனை சுமை இருந்தும், உடலோடு ஒட்டிய துணி நனைந்து சில்லிட்டுக் கிடந்தது. மறுநாள் விடியுமுன் மற்றவர்கள் உச்சிக்குப் புறப்பட, நான் கூடாரத்திலேயே தங்கிவிட்டேன். உடன் வந்த கோவைத் தோழி ஒருத்தி, மெல்லிய கம்பளி உள்சட்டையும் பழைய ஸ்வெட்டரும் அணிந்து உச்சியைக் கண்டு திரும்பினாள். அவளும் வெயிலில் வளர்ந்தவள்தானே!

காரணம் எளியது. பருத்தி வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நனைந்த துணி உடற்சூட்டை வேகமாக வெளியேற்றிவிடும். கம்பளி இழையோ சுருள் சுருளானது. இடையிடையே காற்றைப் பிடித்து வைக்கும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது. உள்வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடும். குளியலில்லாத நான்கு நாட்களிலும் எளிதில் நாறாது. குல்லுப் பள்ளத்தாக்கின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உடுத்தும் கம்பளி ஆடைக்குப் ‘பட்டு’ என்றே பெயர். நம் ஊர்ப் பட்டு திருமணத்துக்கு. அவர்கள் பட்டு உயிர் காக்க!

ஆகவே, கையில் உள்ள பணத்துக்கு ஓர் உடைதான் வாங்க முடியுமென்றால், பகட்டான மேற்கோட்டை விடுங்கள். உடலை ஒட்டி அணியும் கம்பளியை வாங்குங்கள். மெரினோ என்னும் மெல்லிழைக் கம்பளியே இதற்கு ஏற்றது. கம்பளி அரிக்குமே என்பீர்கள். அரிப்பது முரட்டு இழை. மெரினோ அப்படி உறுத்தாது. சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரையுள்ள துணி நடப்பதற்குப் போதும். அது பெண்ணின் உடலுக்கென வெட்டியதாக இருக்கட்டும். அண்ணன் தம்பியரின் தொளதொளத்த சட்டையில் கழுத்து வழியே காற்று புகும். கூச்சம் பாராது ஒன்று சொல்கிறேன்: மேலே கம்பளி போட்டு, அதற்குள் பருத்தி உள்ளாடை அணிந்தால் பாதிப் பயன் போயிற்று. நெஞ்சருகே ஈரம் நின்றுவிடும்.

அதன்மேல் ஒரு ஸ்வெட்டர். அதற்கும் மேல் காற்றையும் பனியையும் தடுக்கும் மேலுடை. இந்த மேலுடை கம்பளியாக இருக்கவேண்டியதில்லை. காதை மூடும் குல்லாய், கையுறை, இரண்டு இணை கம்பளிக் காலுறை வேண்டும். ஓர் இணையை உறங்குவதற்கென்றே உலர்வாக வைத்திருங்கள். பஷ்மினா சால்வை அழகுதான்; ஆனால் நடக்கையில் நழுவும், முள்ளில் மாட்டிக் கிழியும்.

கடைக்காரர் ‘கம்பளி’ என்பதெல்லாம் கம்பளி ஆகிவிடாது. நான் வாங்கிய தடித்த ஸ்வெட்டர் முழுக்க அக்ரிலிக். உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். வாங்கிய பின் ஐயமிருந்தால் தொங்கும் நூலொன்றைப் பிய்த்துத் தீயில் காட்டுங்கள். மயிர் கருகும் நாற்றத்தோடு பொடியும் சாம்பலானால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியானால் செயற்கை இழை.

மெரினோ விலை மிகுதி என்பதை நான் மறுக்கவில்லை. அது இயலாதவர்க்குச் செயற்கை இழைத் தெர்மல் பருத்தியைவிட எவ்வளவோ மேல். விரைவில் உலரவும் செய்யும். நாற்றம் பற்றும் என்பதே குறை.

விலையைப் பற்றிப் பேசும்போது நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் படிப்பை முடித்து ஊர் திரும்பும் தோழியர் ஸ்வெட்டரையும் கோட்டையும் உடன் கொண்டுபோகின்றனர். திருச்சி வெயிலில் அவை எதற்கு? பரணில் கிடந்து அந்துப்பூச்சிக்கு இரையாகின்றன. அவற்றை இங்கேயே விட்டுச் செல்லட்டும். சங்க அறையில் ஒரு கம்பளிப் பெட்டி வைப்போம். தண்ணீரில் மென்மையான சோப்பிட்டு அலசி, முறுக்காமல் நிழலில் பரப்பி உலர்த்தி, இறுக மூடிய பெட்டியில் வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். உள்சட்டையும் காலுறையும் அவரவர் வாங்கிக்கொள்ளலாம். மற்றவை பெட்டியிலிருந்து வரட்டும்.

என் ஸ்வெட்டர் அக்ரிலிக்தான். மலையில் மேலடுக்காக அதுவும் உதவும். அதையும் அண்ணனின் கோட்டையும் முதற் காணிக்கையாகத் தருகிறேன். அடுத்த டிசம்பரில் “குளிர் ஒத்துவராது” என்று ஒருத்தி தயங்கினால், அவளோடு வாதாட வேண்டாம். பெட்டியைத் திறந்து காட்டுவோம்.