விரைவுக்கு வழி எது?

காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞரை, விடியுமுன் சேலம் காந்தி விளையாட்டரங்கிலும், இராசிபுரம், நாமக்கல் பக்கத்து ஏரிக்கரைகளிலும் காண்கிறோம். ஆடவர் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடித்தல் வேண்டும். சற்றே பிந்தினும் எழுத்துத் தேர்வில் பெற்ற வெற்றி வீணாகும். ஆகவே பலர் நாள்தோறும் மூச்சிரைக்க விரைகின்றனர். அது முறைதானா?

செக்கோஸ்லோவாகியாவின் எமில் சட்டோபெக், 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப விரைந்தோடிப் பழகியவர். 1952-இல் எல்சிங்கி ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டோ, 800 மீட்டர் வீரரையும் வாரம் 160 கிலோமீட்டர் வரை சீராக ஓடச் செய்தார். அவர் பயிற்றுவித்த பீட்டர் சுனெல் 1960-இல் உரோமையில் தங்கம் பெற்றார். ஆயினும் போட்டி நெருங்குகையில் லிடியார்டும் விரைவோட்டம் தந்தார். எனவே இரண்டும் தேவையே. எது முன், எது பின் என்பதே கேள்வி.

நிதான ஓட்டம் இதயத்தை வலுப்படுத்தி, தசைகளில் குருதி நுண்குழாய்களைப் பெருக்குகிறது. அதற்கு மாதங்கள் பல வேண்டும். விரைவோட்டம் அவ்வலிமையைக் கூர்மையாக்கும். அன்றாடம் செய்தாலோ காலெலும்பு நோகும்.

வாரத்தில் நான்கு நாள், பேசிக்கொண்டே ஓடத்தக்க நிதானம் போதும். கடைசி இரு மாதங்களில், வாரம் இருமுறை, 400 மீட்டரை 1 நிமிடம் 45 நொடியில் ஆறு தடவை ஓடலாம், இடையிடையே மெல்லோட்டம். தேர்வுக்கு வேண்டிய வேகம் 1 நிமிடம் 52 நொடியே. ஒரு நாள் முழு ஓய்வு.

பெற்றோரே, அறிவிப்பு வந்தபின் பிள்ளையை விரட்டுவதிற் பயனில்லை. நாளை விடியலிலேயே எழுப்பி அனுப்புங்கள், மெல்ல ஓடட்டும்.